ஒன்பதாம் மாடிப் பல்வலி

முந்நூறு பல் டாக்டர்கள் தங்கியிருக்கும் ஹோட்டலில் பல்வலி என்று பொய் சொல்லக்கூடாது என்பது, சொல்லி முடித்த பிறகுதான் டெல்மிக்கு உறைத்தது.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. வயிற்றுவலியை அந்த வாரத்தில் ஏற்கெனவே நான்கு பேர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். முதுகுவலியும் தோள்வலியும் அங்கே அறை சுத்தம் செய்கிற எல்லாருக்கும் எப்போதும் இருந்ததால், அவற்றை யாரும் வலி என்றே நினைப்பதில்லை. மிச்சம் இருந்தது பல்தான்.

"எந்தப் பல்லு?" என்று கேட்டார் லிகாயா மக்சினோ. ஒன்பதாம் மாடிக்கு அவர்தான் மேற்பார்வை.

டெல்மி இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் பக்கம், மிஸ். ராத்திரி பூரா தூங்கல. வீட்டுக்குப் போயிடுறேனே."

லிகாயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தே முக்கால்.

டெல்மி இரண்டு மணிக்குள் நகரசபைக்குப் போய்ச் சேர வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் ஹோட்டல்களிலும் விமான நிலையத்திலும் வேலை செய்கிறவர்களுக்குக் கூலி உயர்த்தும் சட்டம் அன்றைக்கு ஓட்டெடுப்புக்கு வருகிறது. தொழிற்சங்கத்துக்காரர்கள் இரண்டு வருஷமாக அதற்காக நடந்திருக்கிறார்கள். பஸ் நிறுத்தங்களில் நின்று கையெழுத்து வாங்கினார்கள். ஹோட்டல் வாசல்களில் வாளியைக் கவிழ்த்து மேளம் அடித்தார்கள். ஓட்டெடுப்புக்கு முன்னால் பொதுமக்கள் ஆளுக்கு ஒரு நிமிஷம் பேசலாம். இந்த ஹோட்டலின் சார்பில் பேச டெல்மியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

தேர்ந்தெடுத்தது சோய்லா. சலவைப் பிரிவில் வேலை, சங்கத்தில் முன்வரிசை, டெல்மியின் மகளுக்கு ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். "நான் பேசினா சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கு, கொமாத்ரே. நீ பேசினா ஜனங்க காது கொடுக்குறாங்க" என்று சோய்லா சொல்லியிருந்தாள்.

டெல்மி மூன்று வாரம் ஒத்திகை பார்த்தாள். விருந்தினர் அறைக் குளியலறைக் கண்ணாடிகளைத் துடைக்கும்போது அந்தக் கண்ணாடிகளிடமே பேசிப் பார்த்தாள். பத்தொன்பது வருஷ வேலையையும், சாயங்காலம் விமானச் சாப்பாடு கட்டும் இரண்டாவது வேலையையும், ஆறு வருஷத்துக்கு முன் வாங்கி இன்னும் சரியாக உட்கார்ந்து பார்க்காத சோபாவையும் ஐம்பத்தெட்டு வினாடிக்குள் அடக்கிவிட்டாள். மிச்ச இரண்டு வினாடி நன்றி சொல்ல.

அன்றைக்கு விடுப்பு வேண்டும் என்று இரண்டு வாரம் முன்பே கேட்டிருந்தாள். பல் டாக்டர்கள் மாநாடு நடக்கிறது, ஒருவருக்கும் விடுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார் மேனேஜர்.

டெல்மி லிகாயாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டால், அந்த ஹோட்டலில் எல்லாரும் சிரிப்பார்கள். அவருக்கு அங்கே பெயர் 'கேமரா'. பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர், அவரும் ஒரு காலத்தில் பதினைந்து வருஷம் படுக்கை விரித்தவர்தான். ஆனால் மேற்பார்வைக்கு உயர்ந்த நாளிலிருந்து சாப்பாட்டு அறையில் மற்றவர்களோடு உட்கார்ந்ததில்லை. கட்டிலுக்கு அடியில் விரலை விட்டுத் தூசி பார்ப்பார். நாலு பேர் கூடிச் சங்க விஷயம் பேசினால், எங்கிருந்தோ வந்து, வராந்தா மூலை திரும்புவதற்கு முன்னாலேயே ஒரு தடவை இருமுவார். அந்த இருமல் கேட்டாலே கூட்டம் கலைந்துவிடும்.

இப்போது இருமியது லிகாயா இல்லை. 914-ம் அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த ஒரு டாக்டர். கழுத்தில் மாநாட்டு அட்டை, மார்புப் பையில் பேனா டார்ச். நெப்ராஸ்காவில் முப்பது வருஷமாகப் பல் பார்ப்பதாகச் சொன்னார். பல்வலி என்று காதில் விழுந்ததாகவும், ஒரு நிமிஷம் வாயைத் திறந்தால் பார்த்துச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

டெல்மியின் வாய் அதற்குள் பாதி திறந்துவிட்டது. அவ்வளவுதான், பொய் வெளிப்படப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

லிகாயா நடுவில் வந்து நின்றார். டாக்டருக்கு நன்றி சொன்னார், இந்தப் பெண்ணுக்குப் பழக்கமான டாக்டர் வேறு ஒருவர் இருக்கிறார் என்றார். அப்படி ஒருவரும் இல்லை என்பது டெல்மிக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு மேனேஜருக்குப் போன் போட்டார். பெண் வலியில் துடிப்பதாகவும், தனியாக அனுப்பினால் வழியில் மயங்கி விழுந்து ஹோட்டலுக்குத்தான் கெட்ட பெயர் என்றும், அதனால் தானே அழைத்துப் போவதாகவும் சொன்னார். போனை வைத்துவிட்டு, "வா. என் சித்தி மகன் பல் டாக்டர். கார்ல போயிடலாம்" என்றார்.

"வேணாம் மிஸ், நான் பஸ்லயே..."

"பையை எடுத்துக்க."

அவர் நம்பவில்லை, கூடவே வந்து கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறார் என்று டெல்மிக்குப் புரிந்துவிட்டது.

கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். "வலி குறைஞ்ச மாதிரி இருக்கு, மிஸ்."

"குறையாது."

"இல்ல, நெஜமாவே..."

"டெல்மி, மேனேஜர்கிட்ட நான் வாக்குக் கொடுத்திருக்கேன். உனக்கு வலிக்குது."

அதற்கு மேல் குறைய வழியில்லை. டெல்மி கன்னத்தை மறுபடி பிடித்துக்கொண்டாள். எந்தக் கன்னம் என்பது அதற்குள் மறந்துபோயிருந்தது. வலதுதான் கைக்கு வசதியாக இருந்தது.

ஆனால் அதிர்ஷ்டம் முழுதாகக் கைவிடவில்லை. டாக்டரின் கிளினிக் பிலிப்பினோ டவுனில் இருந்தது. அங்கிருந்து நகரசபைக்குப் பஸ்ஸில் கால் மணி நேரம். அதுவும் போதாதென்று, வாசலில் கார் நின்றதும் லிகாயாவே, "நீ உள்ள போ. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு, அப்புறமா வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். டெல்மிக்கு அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. அவர் கார் தெருமுனை தாண்டியதும் பின்வாசல் வழியாகப் போய்விட வேண்டியதுதான்.

கார் தெருமுனை தாண்டவில்லை. டாக்டரின் அம்மா, பெலேன் சித்தி, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார். கிளினிக்கின் வரவேற்பு மேஜை அவருடையது. ஈஸ்டருக்கும் வரவில்லை, பேத்தி பிறந்தநாளுக்கும் வரவில்லை, இப்போது வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வராமல் போகிறாயா என்று நடுத்தெருவில் நின்று கேட்டார். லிகாயா ஏதோ அவசரம் என்றார். சித்தி கார்ச் சாவியைக் கையிலிருந்து வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளே நூடுல்ஸ் சூடாக இருப்பதாகச் சொன்னார்.

ஒன்பதாம் மாடியையே நடுங்க வைக்கும் லிகாயா, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

முன்னால் வந்திருந்தவர்கள் எல்லாரும் முடிந்து டெல்மியின் முறை வருவதற்குள் மணி ஒன்றாகிவிட்டது. அவள் சிகிச்சை நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணாடித் தடுப்பு வழியாக லிகாயாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாய் நூடுல்ஸ் சாப்பிடுவார், கடிகாரத்தைப் பார்ப்பார், போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போவார், வாயைக் கையால் மறைத்துப் பேசுவார், சித்தி கூப்பிட்டதும் திரும்பி வருவார். மூன்று தடவை இப்படி நடந்தது. மேனேஜருக்குத்தான் அறிக்கை போகிறது என்பதில் டெல்மிக்குச் சந்தேகமே இல்லை.

டாக்டரின் பெயர் ராமில். நல்ல மனிதர். எங்கே வலி என்று கேட்டார். டெல்மி இடது பக்கம் காட்டினாள். சுண்டிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. லிகாயா கண்ணாடிக்கு அப்பால் இருந்தாரே, அதனால் டெல்மி வலது பக்கமும் காட்டினாள். டாக்டர் அங்கேயும் சுண்டினார். சுண்டிவிட்டு விளக்கை இழுத்து நன்றாகப் பார்த்தார்.

"எப்படிம்மா இத்தனை நாள் தாங்கிக்கிட்ட?" என்றார். "கடைவாய்ப் பல்லு உள்ளுக்குள்ள முழுசாப் போயிடுச்சு."

டெல்மி ஆடிப்போய்விட்டாள். வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய், அதுவும் உண்மையாகிவிட்டது.

அதற்கு இரண்டு வழி இருப்பதாக டாக்டர் விளக்க ஆரம்பித்தார். ஒன்று, வேருக்குச் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம், மூன்று தடவை வர வேண்டியிருக்கும். இன்னொன்று பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். டெல்மியின் காதில் 'பத்து நிமிஷம்' மட்டும்தான் விழுந்தது. பத்து விரலையும் காட்டினாள். பத்து நிமிஷத்தில் செய்யக்கூடிய காரியம் பல்லைப் பிடுங்குவது என்பது, ஊசி போட்டு நாக்கும் உதடும் மரத்த பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் பஞ்சை அழுத்தி வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் பேசக்கூடாது என்றார். "பேசினாலும் யாருக்கும் புரியாது" என்று சிரித்தார்.

மணி ஒன்றே முக்கால்.

வெளியே வந்ததும் லிகாயா, வீட்டில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டார். டெல்மி பலமாகத் தலையாட்டி மறுத்து, பஸ் நிறுத்தத்தைக் கைகாட்டினாள். லிகாயா வற்புறுத்துவார் என்று பயந்தாள். அவரோ, "அதுவும் சரிதான். காத்தாடப் போனா நல்லது" என்று சொல்லிவிட்டு, சித்தியிடம் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினார்.

பஸ்ஸில் உட்கார்ந்து மூச்சு விட்டு, டெல்மி பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். முன்பக்கம் நசுங்கிய பச்சைக் கார் ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது. அது லிகாயாவின் கார்.

அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றது. கார் முந்திப் போகவில்லை, அதுவும் நின்றது. பஸ் வலதுபக்கம் திரும்பியது. காரும் திரும்பியது. டெல்மி இருக்கையில் வழுக்கி உட்கார்ந்து தலையை மறைத்தாள். பக்கத்தில் இருந்த பெரியவர், வீங்கிய கன்னத்தையும் ஒளிந்துகொள்வதையும் பார்த்துவிட்டு, போலீஸைக் கூப்பிடட்டுமா என்று மெல்லக் கேட்டார். அவள் கையெடுத்துக் கும்பிடாத குறையாக வேண்டாம் என்றாள். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிக் கட்டடங்களின் ஓரமாக நடந்தாள். நகரசபைப் படிக்கட்டுக்கு எதிரே வந்து எட்டிப் பார்த்தபோது, பச்சைக் கார் வளாகத்துக் கார் நிறுத்தத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

ஆக, எல்லாம் தெரிந்துவிட்டது. எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள் என்று தெரிந்து, லிகாயா முன்னால் போய்க் காத்திருக்கிறார்.

டெல்மி அங்கேயே நின்றாள். திரும்பிப் போனால் ஒன்றும் ஆகாது. பல் பிடுங்கியது நிஜம், டாக்டர் சீட்டு பையில் இருக்கிறது. நாளைக் காலை வழக்கம்போல வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒன்பதாம் மாடிக்குப் போகலாம். உள்ளே போனால், பத்தொன்பது வருஷ வேலை இன்றோடு சரி. அதுவும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச முடியாத நிலையில்.

பஸ் நிறுத்தங்களில் தான் கையெழுத்துக் கேட்ட முகங்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன. பயமாக இருக்கிறது என்று சொன்னவர்களிடம் எல்லாம், "என்ன பயம்? நான் நிக்குறேன், நீ பக்கத்துல நில்லு" என்று சொன்னது அவள்தான். சொன்ன ஆளே தெருவுக்கு இந்தப் பக்கம் நின்றால் எப்படி?

வாயிலிருந்த பஞ்சைக் கடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் முழுக்கச் சங்கத்தின் சிவப்புச் சட்டைகள். சோய்லா ஓடிவந்து, முப்பத்தெட்டாம் நம்பர் உன்னுடையது, முப்பத்தாறு பேசிக்கொண்டிருக்கிறது, எங்கே தொலைந்தாய் என்று பொரிந்து தள்ளினாள். பிறகுதான் கன்னத்தைப் பார்த்தாள்.

"யாரு அடிச்சது?"

"ழாழும் ழழிக்கழ" என்றாள் டெல்மி.

அது போதுமானதாக இருந்தது. முன்வரிசையில், டெல்மியை யாரோ அடித்துவிட்டார்கள் என்று பேச்சு எழுந்தது. மூன்றாவது வரிசைக்குப் போவதற்குள் அடித்தது மேனேஜர் என்று ஆனது. கடைசி வரிசையில் பல்லே விழுந்துவிட்டதாம் என்றார்கள். அத்தனையிலும் அது ஒன்றுதான் உண்மை. இரண்டு பேர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தார்கள். டெல்மி பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து உயர்த்திக் காட்டி, எல்லாரையும் உட்கார வைப்பதற்குள், சபை எழுத்தர் முப்பத்தெட்டாம் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த எழுத்தர் ஒரு வயதான அம்மாள். காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் ஒரே குரலில் பெயர் படித்துக்கொண்டே போவார்.

டெல்மி ஒலிவாங்கி முன் நின்றாள். ஸ்பானிஷை ஆங்கிலமாக்கும் இளைஞர் பக்கத்தில் வந்து நின்றார். எதிரே சிவப்பு எண்களில் கடிகாரம் அறுபதிலிருந்து இறங்க ஆரம்பித்தது.

"ழய்யா, ழம்மா" என்று தொடங்கினாள். "ழன் ழேழு ழெழ்மி."

மொழிபெயர்ப்பாளர் குனிந்து, மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னாள். அவர் நேர்மையான மனிதர். சபையைப் பார்த்து, "மன்னிக்கணும், அவங்க பேசுறது எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியல" என்றார். உறுப்பினர்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று தலைவர் கனிவாகவே சொன்னார்.

டெல்மி தலையாட்டி மறுத்தாள். கடிகாரத்தில் நாற்பத்தாறு.

அவள் ஒலிவாங்கியை விட்டு ஓரடி தள்ளி நின்றாள். குனிந்தாள். இடது கையால் இல்லாத மெத்தையின் மூலையைத் தூக்கினாள். வலது கையால் இல்லாத விரிப்பை அதற்கடியில் செருகி, இழுத்து, மடித்து, மறுபடி செருகினாள். பத்தொன்பது வருஷமாகச் செய்கிற கை. பார்த்தவர்களுக்கு மெத்தையின் கனம்கூடத் தெரிந்தது.

மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தயங்கினார். பிறகு ஒலிவாங்கியை நெருங்கி, தாழ்ந்த குரலில் சொன்னார். "படுக்கை விரிக்கிறாங்க."

அவள் அடுத்த மூலைக்குப் போனாள். "ரெண்டாவது மூலை" என்றார் அவர். மூன்றாவது மூலையில் அவளுக்குத் தோள் பிடித்துக்கொள்ளும். எப்போதும் அங்கேதான் பிடிக்கும். நின்று, தோளை ஒரு தடவை சுழற்றிவிட்டு, மறுபடி குனிந்தாள். "தோள் வலிக்குது" என்றார் மொழிபெயர்ப்பாளர். இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பின்னால் சட்டைகள் உரசும் சத்தம் கேட்டது. சிவப்புச் சட்டைப் பெண்கள் எழுந்து நின்றிருந்தார்கள். டெல்மி நாலாவது மூலையைத் தூக்கியபோது இருநூறு மெத்தைகள் சேர்ந்து எழுந்தன. அவள் தலையணைக்கு உறை போட்டபோது இருநூறு உறைகள் உதறப்பட்டன. பாத்திரம் கழுவும் ஆண்கள் இருந்த இடத்திலேயே பாத்திரம் தேய்த்தார்கள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிறவர்கள் காற்றைப் பிடித்துத் தள்ளினார்கள். சோய்லா ஈரத் துணி முறுக்கினாள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. சிரித்த உறுப்பினர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மணி அடித்தபோது டெல்மி விரிப்பின் மேல் கடைசியாக ஒரு சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, சபையைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாள். பிறகு பத்து விரலையும் மூன்று தடவை விரித்தாள்.

"இது ஒரு படுக்கை" என்றார் மொழிபெயர்ப்பாளர். "ஒரு நாளைக்கு முப்பது."

அன்று சாயங்காலம் சட்டம் நிறைவேறியது. எந்த உறுப்பினர் எதனால் ஓட்டுப் போட்டார் என்பது அவரவருக்குத்தான் தெரியும். ஆனால் டெல்மி முடித்ததும் எழுந்த கைதட்டல் ஓய்வதற்குத் தலைவர் நான்கு நிமிஷம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பது பதிவில் இருக்கிறது. அந்த நான்கு நிமிஷத்தில் டெல்மி எல் சால்வடோரிலிருந்து வந்த நாள்முதல் நிமிர்ந்ததைவிட அரையடி அதிகமாக நிமிர்ந்து நின்றாள்.

நிமிர்ந்தபடி திரும்பியவள் அப்படியே உறைந்துபோனாள்.

நடுப்பாதையின் கோடியில், கைப்பையை மார்போடு இறுக்கிக்கொண்டு, லிகாயா மக்சினோ நின்றிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. அவள் பார்த்ததும் அவர் மெல்ல நடந்து வர ஆரம்பித்தார். சிவப்புச் சட்டைகள் ஒவ்வொரு வரிசையாக அடங்கிப்போயின. "கேமரா வந்துடுச்சு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். சோய்லா எழுந்து வந்து டெல்மிக்கு முன்னால் அரண்போல நின்றாள். டெல்மி அவளை மெதுவாக விலக்கினாள். வேலையை வாங்கிக்கொள்வதானால் நேரில் வாங்கிக்கொள்ளட்டும், தலையைக் குனியப் போவதில்லை. லிகாயா அவளுக்கு எதிரே, ஒலிவாங்கிக்கு ஓரடி தூரத்தில் வந்து நின்றார்.

எழுத்தர் அம்மாள் அன்றைக்கு முதல் தடவையாகக் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"விட்டுப்போன இருபத்தாறாம் நம்பர், லிகாயா மக்சினோ. 'பல் டாக்டர்கிட்ட மாட்டிக்கிட்டேன், இந்தச் சட்டத்துக்காகப் பேசாமப் போக மாட்டேன், என் பேரை மட்டும் அடிச்சிடாதீங்க'ன்னு மூணு தடவை போன் பண்ணினவங்க, வந்தாச்சா?"